சென்னை ஜார்ஜ் டவுனை நடந்தே சுற்ற வேண்டும்: சனிக்கிழமை மாலையா, ஞாயிறு காலையா?

கோவைக்காரி

வணக்கம். அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக அம்மாவும் நானும் கோவையிலிருந்து சென்னைக்கு வருகிறோம். கல்யாணம் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும், திரும்பும் ரயில் ஞாயிறு ராத்திரிதான். நடுவில் கிடைக்கிற நேரத்தில் மெரினா, மால் என்று அலையாமல் ஜார்ஜ் டவுன் பக்கம் போய் நடந்தே சுற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பாரிமுனை, தம்புச்செட்டித் தெரு, தங்கசாலை, சௌகார்பேட்டை எல்லாம் எனக்குப் பெயராகத்தான் தெரியும்.

அம்மாவுக்கு 62 வயது. நன்றாக நடப்பார், ஆனால் மெதுவாக. நடுநடுவே எங்காவது கொஞ்சம் உட்கார வேண்டும். கோவில் இருந்தால் அவருக்கு வேறெதுவும் வேண்டாம். எனக்குப் பழைய கட்டடங்கள், எந்தத் தெருவில் என்ன வியாபாரம், யார் யார் வந்து குடியேறினார்கள் என்பதில்தான் ஆர்வம். கல்யாண வீட்டில் கேட்டால் "அங்கே போய் என்ன பார்க்கப் போறீங்க, ஏதாவது வாங்கணும்னா சொல்லுங்க, இங்கேயே வாங்கிடலாம்" என்கிறார்கள். பெரியப்பா மகன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போ, கூட்டம் இருக்காது என்கிறான். அவனும் சுற்றிப் பார்க்கப் போனதில்லை.

எழும்பூரில் தங்குகிறோம். எப்போது போவது, எங்கே தொடங்குவது, எதை விட்டுவிடலாம்? வழிகாட்டி யாரையாவது கூட்டிக்கொள்ள வேண்டுமா, இல்லை போனில் மேப் இருந்தால் போதுமா?

மண்ணடி மைனர்

ஞாயிறு வேண்டாம் சிஸ்டர். உங்கள் அண்ணன் சொல்வது சரிதான், கூட்டம் இருக்காது, ஆனால் கூட்டம்தானே அங்கே பார்க்கவேண்டிய விஷயமே. மொத்தக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு லீவு. ஷட்டரைப் பார்க்க கோவையிலிருந்து வரவேண்டியதில்லை.

நான் அந்தப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதியவன். அங்கே தெருவுக்கு ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெரு என்றால் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெரு என்றால் துணி, தேவராஜ முதலி தெரு என்றால் கண்ணாடி, நைனியப்ப நாயக்கன் தெரு என்றால் ரசாயனம், ஆஸ்பத்திரிச் சாமான். மண்ணடிப் பக்கம் போனால் இரும்பு. கொத்தவால்சாவடி ஒரு காலத்தில் ஊருக்கே காய்கறி கொடுத்த சந்தை, 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, ஆனால் இன்றைக்கும் அந்த இடத்துக்கு அந்தப் பெயர்தான். ஒரே சரக்கை விற்கிற இருபது கடை வரிசையாக இருந்தால் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சரக்கு எங்கே கிடைக்கும் என்று வாங்க வருகிறவன் தேட வேண்டாம், பக்கத்துக் கடையில் விலை கேட்டுவிட்டு வருவான் என்று விற்கிறவனுக்கும் தெரியும், இவனிடம் இல்லாத ரகத்தை அடுத்த கடையிலிருந்தே பையனை அனுப்பி எடுத்துக் கொடுத்துவிடுவான். சாயங்காலம் கணக்குத் தீர்ந்துவிடும்.

ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடை வாசலில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒருவர் கட்டைப் பிரித்து, ஒரு முனையைப் பிடித்துத் திருகித் தாள்களை விரித்து, விரல்களால் நாலு நாலாகவோ ஐந்து ஐந்தாகவோ தள்ளிக்கொண்டே போவார். உதடு மட்டும் அசையும். நூறு தாளை எண்ணி முடிக்க நமக்கு ஒரு தடவை மூச்சுவிடுகிற நேரம்தான் ஆகியிருக்கும். நடுவில் போன் வந்தால் பேசுவார், பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து எண்ணுவார். அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இன்னொன்று. கடைக்குள் நுழைந்தால் கூரையை அண்ணாந்து பாருங்கள். முகப்பில் அலுமினியத் தகடு அடித்து, கண்ணாடி போட்டு, மேலே போர்டு வைத்து எல்லாம் மறைத்திருப்பார்கள், ஆனால் கூரையை மாற்றப் பலருக்கு மனசோ காசோ வந்திருக்காது. தேக்கு உத்தரம் வரிசையாகப் போட்டு, அதன்மேல் அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்பு கொட்டி இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். மின்விசிறி தொங்குகிற கொக்கிகூட அந்தக் காலத்து இரும்பாக இருக்கும். "கூரை பார்க்கலாமா அண்ணே" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், அவர்களே "எங்க தாத்தா காலத்துல" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

நடக்கும்போது ஒரே எச்சரிக்கை, பின்னாலிருந்து மீன்பாடி வண்டி, அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டி வரும். பெல் கிடையாது, "சைடு சைடு" என்று ஒரு குரல்தான். குரல் கேட்டதும் திரும்பிப் பார்க்காதீர்கள், முதலில் ஓரம் போங்கள், அப்புறம் பாருங்கள்.

சுண்ணாம்புக்காரை

மைனர் சொல்வது வியாபாரம் பார்க்க வருகிறவருக்குச் சரி. இவர் கட்டடமும் பார்க்க வருகிறார், கூட அம்மா வேறு. வேலை நாளில் தம்புச்செட்டித் தெருவில் நடுவில் நின்று ஒரு மாடி முகப்பை நிமிர்ந்து பார்த்துவிட முடியுமா? அங்கே கட்டடம் என்பதே முதல் மாடிக்கு மேல்தான் இருக்கிறது, கீழே முழுக்கக் கடை விழுங்கிவிட்டது. மேலே பார்த்தால் மரத்தூண் வைத்த பால்கனி, அரைவட்டச் சன்னலில் உடையாமல் மிஞ்சிய நாலு வண்ணக் கண்ணாடி, சுதையில் எழுதிய ஆண்டு, அதன்மேல் வளர்ந்த அரசமரம். இதையெல்லாம் பார்க்க ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 10 மணிவரை விட்டால் வேறு நேரம் இல்லை.

பாரிமுனையில் நின்றதும் நேராக வடக்கே தெருக்களுக்குள் நுழைந்துவிடாமல் முதலில் தெற்கே, உயர்நீதிமன்றத்தைப் பாருங்கள். அந்த வளாகமும் பழைய சட்டக்கல்லூரிக் கட்டடமும் இருக்கிற இடத்தில்தான் முதலில் ஊர் இருந்தது. 1639இல் கும்பினிக்காரர்களுக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்து கோட்டை எழும்பத் தொடங்கியதும், அதன் வடக்கு மதிலை ஒட்டி நெசவாளர்களும் வணிகர்களும், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த துபாஷிகளும் வந்து குடியேறினார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749இல் ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். மதிலுக்குப் பக்கத்திலேயே வீடுகள் இருந்தால் எதிரிப் படை அவற்றின் மறைவில் வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு, பழைய ஊரை இடித்து மைதானமாக்கினார்கள். இடிக்கும் வேலையைப் பிரெஞ்சுக்காரர் தொடங்கினார்கள், இங்கிலீஷ்காரர் முடித்து வைத்தார்கள். இரண்டு பேர் சண்டையில் வீடு போனது மூன்றாவது ஆளுக்கு. அப்படி விரட்டப்பட்டவர்கள் வடக்கே போய்ச் சேர்ந்த ஊர்தான் இப்போது நாம் நடக்கிற ஜார்ஜ் டவுன். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1906இல் வந்து போனதை ஒட்டி வந்த பெயர் அது.

அந்த மைதானத்துக்கு எல்லை காட்ட 1773இல் ஆறு கல்தூண்கள் நட்டார்கள், இதற்கு இந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று. அதில் மிஞ்சிய ஒன்று பாரிமுனையில், பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் மூலையில் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதை உரசிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். நின்று படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

உயர்நீதிமன்றக் கட்டடம் 1892இல் திறந்தது. அதன் உச்சிக் கோபுரத்திலேயே 1894 முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது, 1977இல் மெரினாவில் இப்போது இருக்கும் விளக்கம் வரும்வரை. அதற்கும் முந்தைய விளக்கமான 1844ஆம் ஆண்டுத் தூண் அதே வளாகத்தில் தனியாக நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியதற்கும் அங்கே மதில் பக்கம் கல்வெட்டு உண்டு. வளாகத்துக்குள் சும்மா சுற்ற விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. வருஷத்தில் ஒரு நாள் எல்லா வாசலையும் பூட்டிப்போடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. பல வருஷமாக இந்த வழியாகத்தான் போகிறோம், எங்களுக்குப் பாதை உரிமை உண்டு என்று யாரும் வழக்குப் போட்டுவிடக் கூடாதாம். நீதிமன்றத்துக்கே வழக்கு பயம்!

அப்புறம் ஆர்மீனியன் தெரு. தமிழ்ப் போர்டில் அரண்மனைக்காரன் தெரு என்று இருக்கும், குழம்பவேண்டாம், இரண்டும் ஒன்றுதான். அங்குள்ள ஆர்மீனியத் தேவாலயம் முதலில் 1712இல் கட்டியது, இப்போதைய கட்டடம் 1772இல் வந்தது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு கதவு மட்டும்தான் தெரியும், தாண்டிப் போய்விடுவீர்கள். உள்ளே போனால் முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள், தரையோடு தரையாகப் பதித்தவை. அதன்மேல்தான் நடக்கவேண்டும், வேறு வழியே இல்லை. ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையும் அங்கே இருக்கிறது. உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794இல் நடத்தியவர் அவர், அதை அச்சிட்டது இதே சென்னையில். மணிக்கூண்டில் ஆறு மணிகள். ஞாயிறு காலை 9:30 மணிக்கு அடிப்பது வழக்கம். ஆர்மீனியர்கள் இங்கே வழிபாடு நடத்தும் அளவுக்கு இல்லை, மணி மட்டும் தவறாமல் அடிக்கிறார்கள். ஞாயிறு போகச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ராயபுரத்து அக்கா

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் இரண்டு வேறு ஊரைப் பற்றிச் சொல்கிறீர்கள். நடுவில் பிராட்வே ஓடுவதை யாரும் சொல்லவில்லையே.

கோவைக்காரி தங்கச்சி, மேப்பை எடுத்து பிரகாசம் சாலையைப் பாருங்கள், அதுதான் பிராட்வே. அந்த இடம் ஒரு காலத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளம். 1700களின் கடைசியில் போப்பம் என்ற வெள்ளைக்கார வக்கீல் அதைத் தூர்த்துச் சாலை ஆக்கினார். பள்ளத்துக்குக் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை. வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாக இருந்த சாதிக்காரர்கள் 1700களின் தொடக்கத்தில் அடித்துக்கொண்டபோது வலங்கை மேற்கே, இடங்கை கிழக்கே என்று பிரித்து உட்கார வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் கணக்கு எதுவும் இல்லை, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் குணம் வேறு. மேற்கே போகப்போக பஜார், தங்கசாலை, குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள். கிழக்கே ஆபீஸ், வக்கீல் அறை, கப்பல் கம்பெனி, தேவாலயம், வடக்கே போனால் மசூதி, நகரத்தார் விடுதி. ஒரே நடையில் இரண்டையும் முடிக்கிறேன் என்று போனால் அம்மா பாதியில் ஆட்டோ கேட்பார்.

அதனால் மேற்குப் பக்கத்தைச் சனிக்கிழமை மாலையும் கிழக்குப் பக்கத்தை ஞாயிறு காலையும் வைத்துக்கொள்ளுங்கள். மைனருக்கும் சந்தோஷம், சுண்ணாம்புக்கும் சந்தோஷம்.

சனிக்கிழமை 4 மணிக்குக் கிளம்பினால் போதும், அதற்கு முன்னால் கோவில் நடை திறந்திருக்காது, வெயிலும் தாங்காது. எழும்பூரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறி உயர்நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்குங்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே நடந்தால் பூக்கடைப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் பச்சையப்பன் மண்டபம், கிரேக்கக் கோவில் மாதிரித் தூண் வைத்து 1850இல் திறந்தது. காந்தி 1896 அக்டோபரில், தென்னாப்பிரிக்காவில் இந்தியர் படும் பாட்டைச் சொல்லிப் பேசிய இடம் அதுதான். இப்போது முன்னால் கடைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றால்தான் தூண்கள் தெரியும். அங்கிருந்து தேவராஜ முதலி தெருப் பக்கம் சென்னகேசவப் பெருமாள் கோவிலும் சென்னமல்லீசுவரர் கோவிலும் பக்கத்துப் பக்கத்தில். பட்டணம் கோவில் என்பார்கள். சுண்ணாம்பு சொன்ன அந்த இடிபட்ட ஊரில் இருந்த கோவில்தான் இது. இடித்ததற்கு ஈடாக வேறு இடம் கொடுத்து, 1760களில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டியதில் ஒன்று இரண்டாகிவிட்டது. அம்மாவை உள்ளே உட்கார வையுங்கள். வாசலில் அவ்வளவு இரைச்சல், உள்ளே மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

அப்புறம் ராசப்பச் செட்டித் தெருவில் கந்தகோட்டம். வள்ளலார் சின்ன வயதிலிருந்து வந்து பாடிய முருகன் கோவில். அவர் குடியிருந்த வீடு ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் இருக்கிறது, ஆனால் அது வடக்கே தள்ளி, அன்றைக்கு அதைச் சேர்க்காதீர்கள். கந்தகோட்டம் முடித்துத் தங்கசாலையில் கால் போன போக்கில் நடந்து, சாப்பிட்டுவிட்டு, சென்ட்ரலுக்கு ஆட்டோ பிடியுங்கள். நடந்தும் போகலாம், ஆனால் அந்நேரத்துக்கு வேண்டாம்.

பெண்கள் போகிற இடம் என்பதால் சொல்கிறேன், கழிப்பறைக்கு மெட்ரோ ஸ்டேஷன்தான் நம்பிக்கை. உயர்நீதிமன்றம், மண்ணடி இரண்டு ஸ்டேஷனையும் மனதில் வைத்து நடையை அமையுங்கள். பஜாருக்குள் வேறு எதையும் நம்ப முடியாது. செருப்பு பின்னால் பட்டை வைத்ததாக இருக்கட்டும், சாக்கடைப் பலகை எங்கே ஆடும் என்று தெரியாது. பட்டுப்புடவை, நகை எல்லாம் கல்யாண வீட்டிலேயே இருக்கட்டும். கைப்பையைத் தோளில் குறுக்காகப் போட்டு முன்பக்கம் வைத்துக்கொண்டால் போதும், உங்கள் சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் தினமும் போய் வருகிறோம்.

வழிகாட்டி தேவையில்லை. வருவது ஆகஸ்ட் என்றால் 22ஆம் தேதி மெட்ராஸ் டே, சென்னையின் பிறந்தநாள், அதை ஒட்டி நிறையப் பேர் நடைப்பயணம் நடத்துவார்கள், அதில் ஒன்றில் சேர்ந்துகொள்ளலாம்.

சாப்பாட்டு ராமன்

இவ்வளவு எழுதிவிட்டு "சாப்பிட்டுவிட்டு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்களே அக்கா!

தங்கசாலையில் காக்கடா ராம்பிரசாத் கடை வாசலில் அகல வாணலியில் ஜிலேபி சுற்றிக்கொண்டே இருப்பார்கள். சூடாக வாங்குங்கள், இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும், நெய் அவ்வளவு. என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை நெய்ப்பொடி இட்லியும் ஊத்தப்பமும் சாயங்காலம்தான் கிடைக்கும். அங்கே உட்கார இடம் தேடாதீர்கள்.

இதைவிட முக்கியம் அத்தோ. பர்மா பஜாருக்கு எதிர்ச்சாரியில், இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம், இருட்டினதும் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். 1962க்குப் பிறகு பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டதும், தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையை வீசிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக 1969இல் ஒதுக்கியதுதான் பர்மா பஜார். யார் யார் வந்து குடியேறினார்கள் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் அந்தத் தட்டில் இருக்கிறது. அவசியம் போங்கள்.

ராயபுரத்து அக்கா

ராமா, அத்தோ கிழக்குப் பக்கம், ராத்திரி. அவர்கள் அன்றைக்கு இருப்பது மேற்குப் பக்கம். கோவில் கோவிலாகச் சுற்றிவிட்டு வருகிற அம்மாவை முட்டை மசாலா வண்டி முன்னால் நிறுத்தச் சொல்கிறாயா? தங்கச்சிக்கு ஆசையாக இருந்தால் அம்மாவை அறையில் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி கல்யாண வீட்டுப் பையன் எவனையாவது கூட்டிக்கொண்டு போகட்டும். அத்தோவைச் சைவமாகவும் கேட்டு வாங்கலாம், அது வேறு விஷயம்.

கோவைக்காரி

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. அக்கா சொன்ன மாதிரியே சனி மாலை மேற்கு, ஞாயிறு காலை கிழக்கு என்று முடிவு செய்துவிட்டேன். அத்தோவுக்குப் பெரியப்பா மகன் மாட்டினான்.

இன்னும் சில கேள்வி. ஞாயிறு காலைக்கு வரிசை சொல்லுங்கள். கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்தையும் அதே காலையில் சேர்த்துக்கொள்ள முடியுமா? வீடுகளைப் படம் எடுத்தால் ஆட்சேபம் சொல்வார்களா? சுண்ணாம்புக்காரை சார், பழைய நகர மதில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? வால்டாக்ஸ் ரோடு என்று பெயரைப் பார்த்ததும் தோன்றியது.

சுண்ணாம்புக்காரை

கோட்டையைச் சேர்க்காதீர்கள். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை, அடையாள அட்டை என்று நேரம் போகும். உள்ளே 1680இல் பிரதிஷ்டை செய்த புனித மேரி தேவாலயம், மியூசியம் இரண்டையும் பார்க்கவே ஒரு அரை நாள் வேண்டும். மியூசியம் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டையைத் தனியாக இன்னொரு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு 7 மணிக்கு உயர்நீதிமன்றம் மெட்ரோ. எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு ராஜாஜி சாலையில் கொஞ்சம் வடக்கே போனால் 1884ஆம் ஆண்டுத் தலைமைத் தபால் அலுவலகமும் பாங்க் ஆஃப் மெட்ராசுக்காகக் கட்டிய ஸ்டேட் பாங்க் கட்டடமும். அந்தச் சிவப்புச் செங்கல்லில் காலை வெயில் நேராக விழும், படம் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அங்கிருந்து உள்ளே திரும்பித் தம்புச்செட்டித் தெரு, காளிகாம்பாள் கோவில். சிவாஜி 1677 அக்டோபர் 3ஆம் தேதி வந்து வணங்கியதாகக் கோவிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுதேசமித்திரன் பத்திரிகையில் வேலை பார்த்த நாட்களில் பாரதி வந்து கும்பிட்ட கோவில் என்றும் சொல்வார்கள். இதுவும் முதலில் கோட்டைப் பக்கம் இருந்து பிறகு இடம் மாறிய கோவில்தான். அம்மா உள்ளே இருக்கும் நேரத்தில் நீங்கள் லிங்கிச்செட்டித் தெருவை ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

9 மணிக்குக் கிளம்பி அரண்மனைக்காரன் தெரு. அந்தோணியார் கோவில் என்று மக்கள் சொல்கிற புனித மேரி இணைப் பேராலயத்தில் ஞாயிறு பூசைக் கூட்டம் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே ஆர்மீனியத் தேவாலயத்துக்கு 9:20க்குள் போய்விடுங்கள். மணி அடித்து முடிந்ததும் பவழக்காரத் தெரு. அந்தக் காலத்தில் பவழம் வாங்கி வைரம் அனுப்பிய யூத வணிகர்கள் இருந்த தெரு, பிறகு நகரத்தார் வந்தார்கள். பெரிய வாசல்கள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. அங்கிருந்து மண்ணடி மெட்ரோ கூப்பிடு தூரம்தான்.

மதில் விஷயம். 1760களின் இறுதியில் புது ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். செலவை வரியாக ஊர்க்காரர்களிடம் வசூலிக்கத் திட்டம், அதனால்தான் அந்தச் சாலைக்கு வால் டாக்ஸ், அதாவது மதில் வரி என்று பெயர். வடக்கே பழைய ஜெயில் ரோட்டில், பாரதி மகளிர் கல்லூரி பக்கம், ஒரு துண்டு மதில் இருக்கிறது. மேலே மண் நிரப்பிப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள், மாடிப் பூங்கா என்று கேட்டால் சொல்வார்கள். கைவிடப்பட்ட மாதிரிதான் கிடக்கிறது, எனக்கு வயிறு எரியும். அம்மாவுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். உங்களுக்கு மதில்தான் வேண்டும் என்றால் மண்ணடியிலிருந்து ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

மண்ணடி மைனர்

படம் எடுப்பது பற்றி நான் சொல்கிறேன். கட்டடத்தை எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். சரக்கு, பில், எடை போடுகிற இடம், இதை எடுத்தால் முகம் சுளிப்பார்கள், அதிகாரி என்று நினைத்துக்கொள்வார்கள். பெரிய கேமரா கழுத்தில் தொங்கினால் இன்னும் மோசம். போனை வைத்து எடுங்கள், ஆள் முகம் தெரிந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். சுமை தூக்குகிறவர்களை மட்டும் நடுவில் நிறுத்திப் போஸ் கேட்காதீர்கள், தலையில் இருப்பது ஐம்பது கிலோ.

சனிக்கிழமை ஆண்டர்சன் தெருவைக் கோவிலுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். 6 மணிக்குமேல் லாரி ஏற்றுகிற வேலை தொடங்கிவிடும், நிற்க இடம் இருக்காது. கல்யாணத்துக்கு மொய்க்கவர் வாங்கவில்லை என்றால் அங்கேயே கட்டாக வாங்கிக்கொள்ளலாம்... ஓ, கல்யாணம் முந்தின நாளே முடிந்துவிடுகிறது இல்லையா, சரி, அடுத்த கல்யாணத்துக்கு ஆகும்.